அண்ணனுக்கு டைப் 1 சர்க்கரை: தங்கைக்கு ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: மூத்த பையனுக்கு 6 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கக் குடும்பத்திலும் சின்ன வயதில் இன்சுலின் போட்டவர்கள் யாரும் இல்லை. அம்மாவழித் தாத்தாவுக்கு மட்டும் 55 வயதில் சர்க்கரை வந்து மாத்திரை சாப்பிடுகிறார். "இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற பேச்சு வீட்டில் ஓயவில்லை. 2 வயதுத் தங்கைக்கும் வருமா? இப்போதே ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கோ அக்காவுக்கோ டைப் 1 இருந்தால், கூடப் பிறந்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் 5 அல்லது 6. குடும்பத்தில் யாருக்குமே இல்லாத குழந்தைக்கு இந்த வாய்ப்பு ஆயிரத்தில் 3, 4 அளவில்தான். அதாவது தங்கையின் ஆபத்து மற்றக் குழந்தைகளைவிடப் பதினைந்து மடங்கு அதிகம் என்றும் சொல்லலாம், அவளுக்கு வராமலே போகும் வாய்ப்பு நூற்றில் 94க்கு மேல் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கு. இரவில் தூக்கம் வராதபோது இரண்டாவதை நினைத்துக்கொள்ளுங்கள். (இந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் எடுத்தவை. நோய் குறைவாக இருக்கும் மக்களிடம் இவையும் குறையும்.) அண்ணனுக்கு எவ்வளவு சின்ன வயதில் வந்ததோ, அந்த அளவுக்குத் தம்பி தங்கைகளின் ஆபத்து சற்றுக் கூடும் என்பதும் தெரிந்த விஷயம்.

அப்பாவுக்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 சதவீதம், அம்மாவுக்கு இருந்தால் சுமார் 3 சதவீதம். அம்மாவிடமிருந்து ஏன் குறைவாக வருகிறது என்பதற்கு இன்றுவரை யாரும் திருப்தியான விளக்கம் தரவில்லை. கருவிலிருக்கும்போதே குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் எதையோ பழகிக்கொள்கிறது என்ற ஊகம் மட்டும் உண்டு.

சரி, தாத்தாவை இந்த வழக்கிலிருந்து முதலில் விடுவித்துவிடலாம். 55 வயதில் வந்து மாத்திரையில் அடங்கும் சர்க்கரை டைப் 2. அதற்கும் மரபணுத் தொடர்பு உண்டு, ஆனால் அந்த மரபணுக்கள் வேறு. டைப் 2இல் அடிக்கடி பேசப்படும் டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவின் வேலை, இன்சுலின் சுரப்பதைச் சார்ந்தது. டைப் 1இல் ஆபத்தைத் தருபவை பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்கள். உடலைக் காக்க வேண்டிய டி செல்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழிப்பதுதான் டைப் 1. தாத்தாவின் சர்க்கரைக்கும் பேரனின் சர்க்கரைக்கும் பெயர் ஒன்று, வழி வேறு.

இப்போது அந்த மரபணுக்களுக்கு வருவோம். 6ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. டைப் 1க்கான மொத்த மரபு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்தில் இருக்கிறது. இதற்கும் டைப் 1க்கும் உறவு உண்டு என்பது 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. காரணம் புரியத்தான் நாளானது.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களின் மேல்புறத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். எதிர்ப்பு மண்டலத்தின் சில செல்கள், கையில் கிடைக்கும் புரதங்களை நறுக்கி, சின்னத் துண்டுகளாக அந்தப் பள்ளத்தில் வைத்து, வாசல் காவலாளியிடம் அடையாள அட்டையை நீட்டுவதுபோல டி செல்லுக்குக் காட்டும். டி செல் அதைப் பார்த்து, நம்முடையது என்றால் விட்டுவிட வேண்டும், கிருமியுடையது என்றால் தாக்க வேண்டும். பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். வடிவம் மாறினால் எந்தத் துண்டு எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்பதும் மாறும். இன்சுலினின் சில துண்டுகள் சிலருடைய பள்ளத்தில் சரியாக உட்காருவதில்லை, தளர்வாக நிற்கின்றன. அப்படி அரைகுறையாகக் காட்டப்படுவதால்தான், இன்சுலினை எதிரியாகப் பார்க்கும் டி செல்கள் களையெடுக்கப்படாமல் தப்பிவிடுகின்றன என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கங்களில் ஒன்று.

எவ்வளவு சின்ன மாற்றம் என்று பாருங்கள். டி.க்யூ. என்ற எச்.எல்.ஏ. புரதம் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளால் ஆனது. அதன் பீட்டா சங்கிலியில் 57ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பது மட்டுமே பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அங்கே அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு, அதற்குப் பதில் அலனின் போன்ற ஒன்று இருந்தால் ஆபத்து. ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் இதை 1987இல் எழுதினார்கள். விதிவிலக்கும் உண்டு. ஜப்பானில் ஆபத்தான வகை ஒன்றில் அந்த இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலமேதான் இருக்கிறது. ஆகவே 57 மட்டுமே கதை அல்ல, ஆனால் கதையின் முக்கியமான வரி அது.

ஆபத்தான வகைகள் என்று அடிக்கடி கேள்விப்படுபவை இரண்டு: டி.ஆர்.3-டி.க்யூ.2 ஒன்று, டி.ஆர்.4-டி.க்யூ.8 இன்னொன்று (டி.ஆர். என்பதும் டி.க்யூ. போல ஒரு எச்.எல்.ஏ. புரதம், இரண்டும் சேர்ந்தே இறங்கும்). ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளில் டைப் 1 வந்தவர்களைப் பார்த்தால் பத்தில் 9 பேரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்தும் மற்றது அம்மாவிடமிருந்தும் வந்து, இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம். வேடிக்கை என்னவென்றால், ஒரே வகை இரண்டு பிரதி இருப்பதைவிட இரண்டு வகையும் கலந்திருப்பதுதான் மோசம். அப்பாவின் ஒரு சங்கிலியும் அம்மாவின் ஒரு சங்கிலியும் இணைந்து, இருவரிடமும் இல்லாத புதிய பள்ளங்கள் குழந்தையிடம் உருவாவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே "யார் பக்கத்திலிருந்து வந்தது" என்ற சண்டைக்கு மரபியலின் பதில், பெரும்பாலும் இருவர் பக்கத்திலிருந்தும் என்பதே. இதை வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டலாம்.

இதற்கு நேர் எதிராக டி.க்யூ.6 குடும்பத்தில் ஒரு வகை இருக்கிறது. டி.ஆர்.15 உடன் சேர்ந்து வரும் அது ஐரோப்பிய மக்களில் ஐந்தில் ஒருவரிடம் காணப்படும். டைப் 1 வந்த குழந்தைகளிடம் தேடினால் நூற்றில் ஒருவரிடம் இருந்தால் அதிகம். ஆபத்தான வகை பக்கத்தில் இருந்தாலும், இந்த ஒரு பிரதி பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது.

மக்களுக்கு மக்கள் இந்தப் படம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஆசியாவில் டி.ஆர்.9 முன்னுக்கு வருகிறது, தெற்காசியாவில் டி.ஆர்.3 ஓங்கி நிற்கிறது.

கூடப் பிறந்தவர்களிடையே இது எப்படிப் பிரியும்? எச்.எல்.ஏ. கூட்டம் பெரும்பாலும் உடையாமல் ஒரே கட்டாக இறங்கும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு, குழந்தைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. அண்ணன் பெற்ற அதே இரண்டு கட்டும் தங்கைக்கும் வந்திருக்க வாய்ப்பு நாலில் ஒன்று. ஒன்று மட்டும் பொதுவாக இருக்க வாய்ப்பு பாதி. ஒன்றுமே பொதுவாக இல்லாமல் போக நாலில் ஒன்று. ஆகவே அந்த 5, 6 சதவீதம் என்பது இந்த மூன்று விதக் குழந்தைகளையும் கலந்து எடுத்த சராசரி. அமெரிக்காவின் டென்வரில் நடந்த டெய்சி ஆய்வில், டி.ஆர்.3, டி.ஆர்.4 இரண்டும் கொண்ட நோயாளியுடன் இரண்டு கட்டையும் பகிர்ந்த தம்பி தங்கைகளில், 15 வயதுக்குள் பீட்டா செல்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்பு மண்டலம் ரத்தத்தில் விடும் புரதம்) தோன்றும் வாய்ப்பு 80 சதவீதத்தைத் தாண்டியது. அதே டி.ஆர்.3, டி.ஆர்.4 இருந்தும் ஒரு கட்டை மட்டும் பகிர்ந்தவர்களிடமும் ஒன்றையுமே பகிராதவர்களிடமும் அது 20 சதவீதம். சிறிய குழுவில் பார்த்த எண் இது, அதை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் திசை தெளிவு.

எச்.எல்.ஏ.வுக்கு அடுத்த பெரிய ஆள் இன்சுலின் மரபணுவே. 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. அந்த மரபணுவுக்குச் சற்று முன்னால் டி.என்.ஏ.வின் ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சிலரிடம் அது 26 முதல் 63 தடவை, சிலரிடம் 140க்கு மேல். இந்த நீளம் இன்சுலினின் தரத்தை மாற்றுவதில்லை. வேறொரு இடத்தில் வேலை செய்கிறது: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். இளம் டி செல்கள் வெளியே போகும் முன் இங்கேதான் சோதிக்கப்படும். உடலின் சொந்தப் புரதங்களைத் துளித்துளியாகக் காட்டி, அவற்றைத் தாக்க வரும் டி செல்களைத் தைமஸ் அங்கேயே அழித்துவிடும். அதற்காக அங்கேயும் கொஞ்சம் இன்சுலின் உருவாகிறது. தொடர் நீளமாக இருப்பவர்களின் தைமஸில் இரண்டு மூன்று மடங்கு அதிக இன்சுலின் உருவாகிறது என்று 1997இல் கண்டார்கள். அதிகம் காட்டினால் அதிகம் களையெடுப்பு. நீளமான பிரதி ஒன்று இருந்தாலே ஆபத்து பாதியளவுக்குக் குறைகிறது. ஆகக் கணையத்தில் நடக்கப்போகும் சண்டையின் ஒரு பகுதி, அதற்கு வெகு முன்பே நெஞ்சுக்குள் முடிவாகிவிடுகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இதுவரை 60க்கும் மேற்பட்ட இடங்கள் தெரியவந்துள்ளன, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. 2004இல் கண்டறிந்த பி.டி.பி.என்.22 மரபணு மாற்றம் முடக்குவாதத்திலும் தைராய்டு நோய்களிலும்கூடக் காணப்படும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு டைப் 1, இன்னொருவருக்குத் தைராய்டு என்று வருவதன் ஒரு காரணம் இது. டைப் 1 வந்த குழந்தைக்குத் தைராய்டு, சீலியாக் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) பரிசோதனைகளை அவ்வப்போது எடுக்கச் சொல்வதும் இப்படிப் பொதுவான மரபணுக்கள் இருப்பதால்தான். அப்புறம் ஐ.எஃப்.ஐ.எச்.1. செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததை உணர்ந்து அலாரம் அடிக்கும் புரதத்துக்கான மரபணு. அதைச் செயலிழக்கச் செய்யும் அபூர்வ மாற்றங்கள் உள்ளவர்களுக்கு டைப் 1 ஆபத்து குறைவு. அலாரம் மெதுவாக அடித்தால் நல்லது என்கிறது மரபணு. வைரஸுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகத்தை இது வலுவாக்குகிறது.

இவ்வளவு மரபணு இருந்தும் உங்கள் குடும்பத்தில் ஏன் யாருக்கும் இல்லை? டைப் 1 வரும் குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதம் பேருக்கு அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் என்று யாருக்குமே அந்த நோய் இருக்காது. இந்த மரபணு வகைகள் அபூர்வமானவை அல்ல, ஊரெல்லாம் இருப்பவை. பெற்றுக்கொண்ட பெரும்பாலானோர் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். மிக ஆபத்தான டி.ஆர்.3, டி.ஆர்.4 சேர்க்கை உள்ள குழந்தைகளிலேயே, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாவிட்டால், சுமார் 20இல் ஒருவருக்குத்தான் டைப் 1 வருகிறது. மற்ற 19 பேருக்கு வராது.

இரட்டையரைப் பாருங்கள். உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மரபணு அப்படியே ஒன்றாக இருக்கும் மற்றவருக்கு வருவது பெரும்பாலான ஆய்வுகளில் 30 முதல் 50 சதவீதம். 60 வயது வரை பின்தொடர்ந்த ஒரு கணக்கில் 65 சதவீதத்தைத் தொட்டது, ஆனால் இருவருக்கும் இடையே பல பத்தாண்டு இடைவெளியும் இருந்திருக்கிறது. எஞ்சியதைச் சுற்றுச்சூழல் செய்கிறது. ஃபின்லாந்து எல்லையின் இரு பக்கமும் இருக்கும் கரேலியா பகுதி இதற்கு நல்ல சாட்சி. ஆபத்தான எச்.எல்.ஏ. வகைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஃபின்லாந்துப் பக்கத்தில் குழந்தைகளுக்கு டைப் 1 வருவது ரஷ்யப் பக்கத்தைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. ஐரோப்பாவில் இந்த நோய் பல பத்தாண்டுகளாக வருடத்துக்கு 3 சதவீதம் என்ற வேகத்தில் கூடியிருக்கிறது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது.

எது அந்தச் சுற்றுச்சூழல் காரணம் என்று தேடி, அமெரிக்கா, ஃபின்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி நாடுகளில் டெடி என்ற ஆய்வு 2004இல் தொடங்கியது. 4.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைச் சோதித்து, மரபணு ஆபத்துள்ள 8,676 பேரைச் சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள். நீண்ட நாள் குடலில் தங்கும் எண்டெரோவைரஸ் தொற்றுக்கும் ஆன்டிபாடிக்கும் தொடர்பு தெரிந்தது. ஒற்றைக் குற்றவாளி என்று எதுவும் அகப்படவில்லை. பசும்பால் புரதம்தான் காரணமோ என்று, அதைச் சிதைத்துத் தயாரித்த பால்மாவைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2018இல் வந்தது, பலன் இல்லை. தடுப்பூசிக்கும் டைப் 1க்கும் தொடர்பு கிடையாது. குழந்தை இனிப்பு அதிகம் சாப்பிட்டதாலும் வருவதில்லை. கர்ப்பத்தில் நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்தது என்று யாராவது சொன்னால், பதில் சொல்லக்கூட நேரம் செலவழிக்க வேண்டாம்.

சரி, தங்கைக்கு ஜீன் டெஸ்ட்? என் கருத்து, வேண்டாம். ஆபத்தான வகை இருப்பதாக வந்தால் "வரலாம்" என்று சொல்லும், இல்லை என்று வந்தால் "வாய்ப்புக் குறைவு" என்று சொல்லும். அடுத்து என்ன செய்வது என்று இரண்டும் சொல்லாது. டஜன் கணக்கான மரபணு மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறைகள் வந்திருக்கின்றன, ஆராய்ச்சிக்கு ரொம்பப் பயன்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பிய டி.என்.ஏ.வை வைத்துக் கட்டியவை. வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் கிட்டுகளை நம்பி இந்த முடிவை எடுக்கவே கூடாது. இன்னொன்றும் பார்க்கிறேன்: சீலியாக்குக்காக எடுத்த ரிப்போர்ட்டில் டி.க்யூ.2 பாசிட்டிவ் என்று இருப்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 பல நாடுகளில் மூன்றில் ஒருவரிடம் இருக்கும்.

எடுக்க வேண்டியது ஆன்டிபாடி டெஸ்ட். இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய நான்கு பீட்டா செல் புரதங்களுக்கும் எதிரான ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். மரபணு என்ன நடக்கக்கூடும் என்கிறது, இது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்கிறது. மரபணு ஆபத்துள்ள குழந்தைகளிடம் முதல் ஆன்டிபாடி பெரும்பாலும் 9 மாதம் முதல் 2 வயதுக்குள் தலைகாட்டும். டி.ஆர்.4 உள்ளவர்களிடம் முதலில் வருவது பெரும்பாலும் இன்சுலினுக்கு எதிரானது, டி.ஆர்.3 உள்ளவர்களிடம் ஜி.ஏ.டி.க்கு எதிரானது. 2 வயதிலும் 6 வயதிலும் சோதித்தால், 15 வயதுக்குள் நோய் வரப்போகும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. உங்கள் மகளுக்கு இப்போது 2 வயது, நேரம் பொருத்தம்தான்.

ஒரே ஒரு ஆன்டிபாடி மட்டும் இருந்தால் பத்து வருடத்தில் நோய் வருவது நூற்றில் 15க்கும் குறைவு, சிலரிடம் அது தானே மறைந்தும் போகும். இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் கதை வேறு: பத்து வருடத்தில் சுமார் 70 சதவீதம். அதனால்தான் 2015 முதல் இதையே முதல் நிலை டைப் 1 என்று கணக்கில் எடுக்கிறார்கள், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தாலும். சர்க்கரை சற்றே தடுமாறத் தொடங்கினால் இரண்டாம் நிலை. தாகம், எடை குறைவு என்று அறிகுறிகள் தெரிவது மூன்றாம் நிலை. இரண்டாம் நிலையில் இருக்கும், 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு டெப்ளிசுமாப் என்ற மருந்தை 2022 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது. 14 நாள் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள், நோயை நடுமட்டமாக இரண்டு வருடமோ கொஞ்சம் கூடவோ தள்ளிப்போடுகிறது. நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது. இத்தாலி 2023இல் குழந்தைகள் எல்லோருக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவரச் சட்டமே இயற்றியது.

மரபணுச் சோதனை கட்டாயமாகத் தேவைப்படும் ஒரு கூட்டம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் அது பெரும்பாலும் டைப் 1 ஆக இருக்காது, ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கும். கே.சி.என்.ஜே.11 மரபணுவில் மாற்றம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் இன்சுலினை விட்டு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறிவிடலாம். ஊசி மாத்திரையாக மாறும் அந்தச் செய்தி ஒரு குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல், ஆன்டிபாடி ஒன்றும் இல்லை, மூன்று தலைமுறையாக இளம் வயதிலேயே லேசான சர்க்கரை என்றால், மோடி (MODY) என்ற ஒற்றை மரபணுச் சர்க்கரை வகையா என்று பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கு வந்தது 6 வயதில். அவனுக்கு ஆன்டிபாடி பார்த்தார்களா என்று மட்டும் பழைய ரிப்போர்ட்டுகளில் தேடிப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் இந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

தங்கையின் ஆன்டிபாடி முடிவு எப்படி வந்தாலும், வீட்டில் எல்லோருக்கும் அறிகுறிகள் தெரிந்திருக்கட்டும். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பது, டயப்பர் வழக்கத்தைவிட வேகமாக நனைந்து கனமாவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைப்பது, சாப்பிட்டும் எடை இறங்குவது. குளுக்கோமீட்டர் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு அப்போதே பாருங்கள், வெறும் வயிற்றுக்காகக் காலை வரை காத்திருக்க வேண்டாம், மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் 200 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனை. வாந்தி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, வாயில் பழ வாசனை இவற்றில் ஏதாவது சேர்ந்தால் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருக்கலாம், அது அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நேரம். போனதும் முதல் வாக்கியமாக "இவள் அண்ணனுக்கு டைப் 1 இருக்கிறது" என்று சொல்லுங்கள்.